நகர மன்றத்தின் பட்ஜெட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும்?

பத்து ஆண்டுத் திட்டம், முப்பது ஆண்டுத் திட்டம் என்று நகர மன்றங்கள் தடித்த புத்தகங்களாக வெளியிடுகின்றன. அவற்றை எப்படித் தயாரிக்கிறார்கள், பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள், வரி கூடிக்கொண்டே போயும் சாலையும் குழாயும் ஏன் பழுதாகவே கிடக்கின்றன என்பதுதான் கேள்வி. மூன்றாவது கேள்விக்கான விடை முதல் இரண்டுக்குள்ளேயே இருப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு மன்றத்திடம் ஒரே ஒரு திட்டம் இருப்பதில்லை. காலம் சுருங்கச் சுருங்க விவரம் கூடும் நான்கு அடுக்குகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே மாஸ்டர் பிளான்: ஊர் எந்தப் பக்கம் வளரலாம், எங்கே அடுக்குமாடி, எங்கே தொழிற்சாலை, எந்த நீர்நிலையைத் தொடக்கூடாது என்று 20, 30 ஆண்டுகளுக்குச் சொல்வது. அதன் கீழே 10 ஆண்டு நிதித் திட்டம். அதற்கும் கீழே 3 முதல் 5 ஆண்டுக்கான பணிப் பட்டியல். எந்தத் தெருவில் எந்த ஆண்டு என்ன வேலை என்பது இதில்தான் வரும். கடைசியில் ஆண்டு பட்ஜெட். பணத்தை எடுத்துச் செலவழிக்கச் சட்டப்படி அனுமதி தருவது பெரும்பாலான ஊர்களில் இந்தக் கடைசி ஏடுதான்.

இந்த வரிசையைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடுகள் இருக்கின்றன. நியூசிலாந்தின் 2002 உள்ளாட்சிச் சட்டம், ஒவ்வொரு மன்றமும் குறைந்தது 10 ஆண்டுக்குத் திட்டம் போட வேண்டும், 3 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதிதாக எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2014இல் வந்த திருத்தம் அதோடு 30 ஆண்டுக்கான உள்கட்டமைப்புத் திட்டத்தையும் சேர்த்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குறைந்தது 10 ஆண்டுக்கான சமூகத் திட்டம், 4 ஆண்டுச் செயல் திட்டம், ஓராண்டுத் திட்டம் என்று போகும். தென்னாப்பிரிக்காவில் திட்டம் மன்றத்தின் 5 ஆண்டுப் பதவிக்காலத்தோடு ஒட்டியது. ஏற்பாடு எதுவானாலும் அடுக்குகளுக்கு இடையே கண்ணி விட்டுப்போனால் வரும் கேடு ஒன்றுதான்: மாஸ்டர் பிளானில் புதுக் குடியிருப்புக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள், பணிப் பட்டியலில் அந்தப் பக்கத்துக்குக் கழிவுநீர்க் குழாய் இருக்காது. அதனால் மேல் ஏட்டில் பெரிதாகப் பேசப்படும் வேலை எதுவோ, அது கீழ் ஏட்டில் எந்த ஆண்டில், எவ்வளவு தொகையோடு வருகிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். வரவே இல்லையென்றால் அந்த வேலை இப்போதைக்கு நடக்கப் போவதில்லை.

திட்டமிடல் மேயரின் தொலைநோக்கு அறிக்கையில் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தொடங்க வேண்டிய இடம் சொத்துப் பதிவேடு. மன்றத்திடம் எத்தனை கிலோமீட்டர் குடிநீர்க் குழாய், எந்த ஆண்டு பதித்தது, இரும்பா பிளாஸ்டிக்கா கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட்டா, என்ன விட்டம், கடைசியாக எப்போது உடைந்தது. எத்தனை பம்ப், எத்தனை பாலம், எத்தனை கூரை. இதோடு ஒவ்வொன்றின் நிலைக்கும் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். இந்த ஏடு சரியாக இல்லாத மன்றத்தின் 10 ஆண்டுத் திட்டம் ஊகம் மட்டுமே, அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரியும். ஒரு ஊரில் 800 கிலோமீட்டர் குழாய் இருக்கிறது, சராசரி ஆயுள் 80 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 கிலோமீட்டர் மாற்றினால்தான் வலைப்பின்னல் அப்படியே நிற்கும். மன்றம் ஆண்டுக்கு 3 கிலோமீட்டர் மாற்றுகிறது. அந்த வேகத்தில் எல்லாக் குழாயையும் ஒரு சுற்று மாற்றி முடிக்க ஏறக்குறைய 267 ஆண்டு ஆகும். அவ்வளவு காலம் உழைக்கும் குழாயை யாரும் பதித்திருக்கவில்லை. ஆனால் அந்த மன்றத்தின் ஆண்டு பட்ஜெட்டைப் புரட்டினால் பற்றாக்குறை எங்கும் தெரியாது. வரவும் செலவும் சமமாக இருக்கும், வரியும் கூடாமல் இருக்கும், உறுப்பினர்களும் நிம்மதியாகக் கை தூக்கியிருப்பார்கள். மாற்றாமல் விட்ட 7 கிலோமீட்டர் மட்டும் ஆண்டுதோறும் மண்ணுக்குள் சேர்ந்துகொண்டே போகும். அது கடன்தான். கடன் பத்திரம் இல்லாததால் எந்த அட்டவணையிலும் வருவதில்லை.

இதிலும் சராசரி ஏமாற்றும். பல ஊர்களில் குழாய்கள் ஒரே சீராகப் பதிக்கப்படவில்லை. ஊர் வேகமாக வளர்ந்த பத்திருபது ஆண்டுகளில் மொத்தமாகப் பதித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல நாடுகளில் பதித்த கல்நார் சிமென்ட் குழாய்கள் அப்படித்தான். ஒன்றாகப் பிறந்தவை ஏறக்குறைய ஒன்றாகவே சாகின்றன. ஆண்டுக்கு 10 என்ற சராசரிக்குப் பதில் சில ஆண்டுகள் 2, பிறகு திடீரென்று 30 என்று தேவை வரும். 10 ஆண்டுத் திட்டத்தில் இந்த மேடு தெரியாது, 30 ஆண்டு வரைபடத்தில் தெரியும். நீண்ட காலத் திட்டம் தேவைப்படுவதற்கு முதன்மைக் காரணமே இதுதான் என்பேன்.

சாலையிலும் இதே கதைதான், வேகம் மட்டும் கூடுதல். தார் மேற்பரப்பு நல்ல நிலையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். ஒரு கட்டத்தில் விரிசல் வழியே தண்ணீர் அடித்தளத்துக்குள் இறங்கிவிட்டால், அதற்குப் பிறகு இரண்டு மூன்று மழைக்காலத்திலேயே சாலை சிதைந்துவிடும். விரிசலை அடைப்பதும் மேல் அடுக்கு போடுவதும் ஒரு செலவு. அடித்தளத்தைத் தோண்டிப் புதிதாகப் போடுவது அதைப்போல் பல மடங்கு. அதனால் பணம் குறைவாக உள்ள மன்றம் மிக மோசமான சாலையை முதலில் எடுப்பது பெரும்பாலும் தவறான முடிவு. ஓரளவு நன்றாக இருக்கும் சாலைகளைக் காப்பாற்றிவிட்டு, ஏற்கெனவே செத்துப்போன சாலையில் குழியை மட்டும் அடைத்துக் காத்திருப்பதே கணக்குக்குச் சரி. மக்களிடம் விளக்குவது கடினம் என்பதால் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு.

பட்ஜெட்டுக்குள் வந்தால், கணக்கு இரண்டு. வருவாய்க் கணக்கில் சம்பளம், மின்சாரம், குப்பை அகற்றல், பழுதுபார்ப்பு, வட்டி, தேய்மானம் (சொத்து ஆண்டுதோறும் தேய்வதால் இழக்கும் மதிப்பு) வரும். மூலதனக் கணக்கில் புதிதாகக் கட்டுவதும், பழையதை முழுதாக மாற்றுவதும் வரும். மூலதனச் செலவை மூன்றாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: பழையதைப் புதுப்பிக்க, தரத்தை உயர்த்த, மக்கள்தொகை வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க. மூன்றையும் ஒரே தொகையாகக் காட்டினால் ஒன்றும் புரியாது.

இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் மன்றங்கள் அதிகம் சறுக்குகின்றன. ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். கட்ட 60 அலகு பணம் (அலகு என்பது கோடியோ லட்சமோ, எதுவாகவும் இருக்கட்டும்). முழுவதும் 30 ஆண்டுக் கடன், வட்டி 5 சதவீதம். ஆண்டுத் தவணை ஏறக்குறைய 3.9. கதவு திறந்த நாளிலிருந்து ஊழியர், மின்சாரம், துப்புரவு, காப்பீடு, புத்தகம் என்று ஆண்டுக்கு 3.5. மொத்தம் 7.4. மன்றத்தின் சொத்து வரி வருமானம் 180 என்றால், இந்த ஒரு கட்டடம் வரியில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கேட்கிறது. ஒரு முறை மட்டும் கேட்டுவிட்டு ஓய்வதில்லை, ஆண்டுதோறும் கேட்கும். அடிக்கல் நாட்டும்போது 60 என்ற எண் மட்டுமே பேசப்படும்.

மேலிருந்து மானியம் வந்தால்? அரசு 60ஐயும் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 3.5 அப்படியே நிற்கிறது. கட்டடத்தின் ஆயுள் 50 ஆண்டு என்றால் தேய்மானம் 1.2. மொத்தம் 4.7, அதாவது வரியில் 2.6 சதவீதம். இலவசமாக வந்த பூங்கா, இலவசமாக வந்த சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மானியத்தில் கட்டிய கழிவுநீர் நிலையம் மின்கட்டணம் கட்டப் பணமில்லாமல் பாதி நேரம் நின்றுகிடப்பது உலகத்தில் அபூர்வமான காட்சி இல்லை. புதுக் கட்டுமானத்துக்கான தீர்மானம் மன்றத்துக்கு வரும்போது, கட்டுமானச் செலவுக்குப் பக்கத்திலேயே ஆண்டுச் செலவும் வரி உயர்வும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை ஒத்திவைப்பதே முறை.

தேய்மானத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. அது வெறும் கணக்கு எழுத்து, கையிலிருந்து பணம் போகாதது என்று சொல்லி அதற்கு வரி வசூலிக்காமல் விடுவது எளிது. வசூலிக்காவிட்டால், இன்று குழாயைத் தேய்த்துப் பயன்படுத்துகிறவர் அதற்குப் பணம் தரவில்லை, பிறகு வருபவர் தருவார் என்று பொருள். இன்னொரு பிசகு, தேய்மானத்தை 40 ஆண்டுக்கு முன் பதித்த விலையில் கணக்கிடுவது. மாற்றும்போது இன்றைய விலைதான் தர வேண்டும். மாற்று விலையில் மறுமதிப்பீடு செய்தால் தேய்மானம் பல மடங்கு கூடும். அந்த எண்ணைப் பார்க்க விரும்பாமலே சில மன்றங்கள் மறுமதிப்பீட்டைத் தள்ளிப்போடுகின்றன.

ஒரு திட்டத்தின் எண்கள் எல்லாம் சில அனுமானங்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மக்கள்தொகை எவ்வளவு வளரும், விலைவாசி எவ்வளவு ஏறும், வட்டி எவ்வளவு, மானியம் தொடருமா. விலைவாசியில் வழக்கமான பிழை, வீட்டுச் செலவின் விலையேற்றத்தையே மன்றத்துக்கும் பொருத்துவது. மன்றம் வாங்குவது தார், சிமென்ட், குழாய், மின்சாரம், பொறியாளரின் நேரம். இவற்றின் விலை வேறு வேகத்தில் ஏறும். நியூசிலாந்தில் இதற்கென்றே உள்ளாட்சிச் செலவுக் குறியீடு ஒன்று தனியாகக் கணக்கிடப்படுகிறது.

மக்கள்தொகைப் பிழை இன்னும் கனமானது. வளர்ச்சிக்குக் குழாயும் சாலையும் முதலில் போட வேண்டும். அதற்கான மேம்பாட்டுக் கட்டணமும் வரியும் வீடு கட்டக் கட்டத்தான் வரும். எதிர்பார்த்த வேகத்தில் வீடு வராவிட்டால், இருக்கும் மக்கள் தலையில் வட்டி. எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் டெட்ராய்ட். 1950இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது, 2010இல் 7.1 லட்சம். ஆட்கள் போனார்கள், 18 லட்சம் பேருக்குப் போட்ட தெருவும் குழாயும் விளக்கும் போகவில்லை, ஓய்வூதியப் பொறுப்பும் போகவில்லை. 2013 ஜூலையில் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடன் பொறுப்போடு அந்த நகரம் திவால் மனு போட்டது. சுருங்கும் ஊருக்கும் திட்டம் வேண்டும்: எந்தத் தெருவை மூடுவது, எந்தக் கட்டடத்தைக் கைவிடுவது என்று. அதை எழுத எந்த மன்றத்துக்கும் மனம் வருவதில்லை.

வருமானப் பக்கத்தில் சொத்து வரியைப் பற்றித் தெளிவு வேண்டும். பல நாடுகளில் மன்றம் முதலில் செலவைக் கூட்டுகிறது. கட்டணம், மானியம், வாடகை வருமானத்தைக் கழிக்கிறது. மீதத்தைச் சொத்து மதிப்புகளின் மேல் பங்கிடுகிறது. இந்த முறையில் எல்லார் வீட்டு மதிப்பும் 20 சதவீதம் கூடினால் ஒருவர் வரியும் அதனால் கூடாது. ஊர்ச் சராசரியைவிட உங்கள் மதிப்பு கூடுதலாக ஏறினால்தான் உங்கள் பங்கு ஏறும். விகிதத்தைச் சட்டத்தில் நிலையாக வைத்த இடங்களில் இது தலைகீழ். மதிப்பு ஏறினால் வரியும் தானாக ஏறும், மறுமதிப்பீட்டைப் பல ஆண்டு ஒத்திவைத்தால் வருமானம் தேங்கும். உங்கள் ஊர் எந்த முறை என்று தெரியாமல் வரி பற்றி வாதிடுவதில் பயனில்லை.

அடுத்தது வசூல். கேட்பு (மக்கள் கட்ட வேண்டும் என்று மன்றம் கேட்ட வரி), வசூல், நிலுவை என்ற மூன்று பத்தி அட்டவணையை அவசியம் பாருங்கள். கேட்பு 180, வசூல் 85 சதவீதம் என்றால் கையில் வருவது 153. பட்ஜெட்டில் 180ஐயும் வரவாக எழுதியிருந்தால் 27 வெறும் காகிதத்தில். அந்த இடைவெளி கடைசியில் பராமரிப்பில்தான் விடியும். சம்பளமும் வட்டியும் நிறுத்த முடியாதவை, வெட்ட முடிவது வடிகால் தூர்வாருவதும் பம்ப் பழுதுபார்ப்பதும்தான். வசூலாக வாய்ப்பில்லாத பழைய நிலுவையை ஆண்டுதோறும் சொத்தாகக் காட்டிக்கொண்டே போகும் மன்றத்தின் கணக்கு, பார்ப்பதைவிட ஏழை.

கடன் வாங்குவது தவறு என்பது என் கருத்து இல்லை. 80 ஆண்டு உழைக்கும் குழாய்க்கு இன்றைய வரி செலுத்துவோர் மட்டும் முழுப் பணமும் தருவது நியாயமும் இல்லை. கடன் அந்தச் சுமையைத் தலைமுறைகளுக்குப் பிரிக்கிறது. கடனின் காலம் சொத்தின் ஆயுளைத் தாண்டக் கூடாது, சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் கடன் கூடாது என்ற இரண்டு விதிகளைக் காத்தால் போதும். இரண்டாவதை மீறியதன் விளைவுக்கு நியூயார்க் சாட்சி. அன்றாடச் செலவைக் குறுகிய காலக் கடனால் சமாளித்து, அந்தக் கடனை அடுத்த கடனால் புரட்டிக்கொண்டே வந்த அந்த நகரத்துக்கு 1975இல் வங்கிகள் கை விரித்தன. அந்த ஆண்டே மாநில அரசு நகரத்தின் நிதிக்கு மேல் ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை உட்கார வைத்தது. பட்ஜெட் புத்தகத்துக்கு வெளியே நிற்கும் பொறுப்பும் கவிழ்க்கும்: இங்கிலாந்தின் பர்மிங்காம் மன்றம் 2023 செப்டம்பரில் புதுச் செலவுகளை நிறுத்தும் அறிவிப்பு வெளியிட்டதற்கு முக்கியக் காரணம், சம ஊதிய வழக்குகளில் சேர்ந்துபோன பாக்கி. ஓய்வூதியம், வழக்கு, உத்தரவாதம் கொடுத்த கடன் இவை எல்லாம் நிதிநிலை அறிக்கையின் கடைசிக் குறிப்புகளில் சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே போய்ப் படியுங்கள்.

ஆண்டு பட்ஜெட்டின் காலக்கெடு ஏறக்குறைய இப்படி ஓடும். நிதியாண்டு தொடங்க எட்டு, ஒன்பது மாதம் முன்னால் நிதிப் பிரிவு சுற்றறிக்கை அனுப்பும்: விலையேற்றம் இவ்வளவு, புதுப் பணியிடம் இல்லை, வரி உயர்வுக்கு உச்சவரம்பு இது என்று. துறைகள் தேவைப் பட்டியல் கொடுக்கும். கூட்டினால் எப்போதும் கையிலிருப்பதைவிட மிக அதிகமாக வரும். சட்டப்படி கட்டாயமானவை, உயிருக்கு ஆபத்தைத் தடுப்பவை, ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவை முதலில் நிற்கும். மிச்சத்தை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். பிறகு உறுப்பினர்களின் அமர்வுகள், வரைவு, மக்கள் கருத்து, திருத்தம், நிறைவேற்றம். நடுவில் காலாண்டு அறிக்கை, ஆண்டு பாதியில் திருத்திய மதிப்பீடு, முடிந்தபின் தணிக்கை.

மக்கள் கருத்துக் கேட்பில் தரம் மிகவும் வேறுபடும். "பசுமையான நகரம் வேண்டுமா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள், மன்றத்துக்கு ஒரு தகவலும் கிடைக்காது. ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் இரண்டு மூன்று மாற்று வழி, ஒவ்வொன்றுக்கும் வரி எவ்வளவு, கடன் எவ்வளவு, சேவை எப்படி மாறும் என்று எழுதிக் கேட்பதே உண்மையான கேட்பு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989இல் ஒரு படி மேலே போனது. அங்கே வட்டாரக் கூட்டங்களில் மக்களே முதலீட்டு வேலைகளை வரிசைப்படுத்தினார்கள். அதைவிட முக்கியமானது பணப் பங்கீட்டுச் சூத்திரம்: எந்த வட்டாரத்தில் குழாயும் சாலையும் குறைவோ அதற்குக் கூடுதல் எடை. சத்தமாகப் பேசும் வட்டாரம் பணத்தை அள்ளிக்கொண்டு போவதை அந்தச் சூத்திரம்தான் தடுத்தது. சூத்திரம் இல்லாமல் கூட்டத்தை மட்டும் நகலெடுத்த ஊர்களில், நேரமும் வசதியும் உள்ளவர்கள் கேட்டதே நடக்கும்.

நிறைவேற்றிய பிறகு வரும் பெரிய சிக்கல், மூலதன ஒதுக்கீடு செலவாகாமல் நிற்பது. நிலம் கைக்கு வரவில்லை, டெண்டருக்கு ஒருவரே வந்தார், மின்கம்பத்தை மாற்றித் தரவில்லை, வடிவமைக்கப் பொறியாளர் இல்லை. வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும், அடுத்த ஆண்டுப் பட்டியல் வீங்கும், அதுவும் முடியாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: கடந்த 3 ஆண்டு மூலதன ஒதுக்கீட்டையும் உண்மைச் செலவையும் பக்கத்தில் வையுங்கள். 100 ஒதுக்கி 60 செலவழித்த மன்றம் இந்த ஆண்டு 150 ஒதுக்கியிருந்தால், அந்த எண்ணை நம்பி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

செலவு மதிப்பீடும் அப்படித்தான். வெறும் யோசனையாக இருக்கும் நிலையில் போட்ட மதிப்பீடு 30 சதவீதம் பிசகுவது சாதாரணம். விரிவான வடிவமைப்பு முடிந்த பிறகே அது 10 சதவீதத்துக்குள் வரும். டென்மார்க் ஆய்வாளர் பெண்ட் ஃபிளிவ்பியர்கும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் ரயில் திட்டங்கள் சராசரியாக 45 சதவீதமும் சாலைகள் 20 சதவீதமும் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. அவர் சொல்லும் மருந்து நடைமுறைக்கு ஏற்றது: உங்கள் திட்டத்தைத் தனித்தன்மை உள்ளதாக நினைக்காமல், அதே வகையில் முன்பு முடிந்த பத்திருபது திட்டங்கள் எவ்வளவு தாண்டின என்று பார்த்து அந்த விகிதத்தைச் சேர்த்துக்கொள்வது.

முழுப் புத்தகத்தையும் படிக்க நேரமில்லாதவர்கள் ஐந்து இடங்களைத் திறந்தால் போதும். புதுப்பித்தல் செலவைத் தேய்மானத்தால் வகுத்துப் பாருங்கள். பல ஆண்டுகளாக 1க்குக் கீழே இருந்தால், வலைப்பின்னல் புதிது என்ற காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து வட்டி மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம். பிறகு கேட்பு, வசூல், நிலுவை. நான்காவது, ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி. கடைசியாக அனுமானங்கள் எழுதிய பக்கம்.

ஒரு வேலையைப் பட்டியலில் ஏற்ற வேண்டுமென்றால் வரைவு வெளிவரும்வரை காத்திருக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் மாறுவது ஓரங்கள் மட்டுமே. துறைகள் தேவைப் பட்டியல் தயாரிக்கும் மாதங்களில், வார்டு உறுப்பினர் வழியாகவும் துறைப் பொறியாளருக்கு நேரடியாகவும் எழுத்தில் கொடுங்கள். தெருவின் பெயர், குழாய் உடைந்த தேதிகள், புகார் எண்கள், எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் நின்றது என்ற விவரம் அதில் இருக்கட்டும். வரிசைப்படுத்தும் மதிப்பெண் தாளில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் ஏறக்குறைய இவைதான்.